பாரணை இல்லாத நோன்பு: கல்கத்தாவும் அனோரெக்சியாவும் சிந்தனைப் பாங்கும்

1947 செப்டம்பர் 1 அன்று இரவு, கல்கத்தாவின் பேலியாகட்டா பகுதியிலிருந்த ஹைதரி மன்சிலில் காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கினார். நகரில் கலவரம் அடங்கும்வரை உணவில்லை என்பது நிபந்தனை. செப்டம்பர் 4 அன்று, பல தரப்புத் தலைவர்களும் அமைதிக்கு எழுத்தில் உறுதியளித்த பின், சுஹ்ரவர்தி கையால் நீட்டிய பழச்சாற்றை வாங்கிப் பருகி நோன்பை முடித்தார். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன், அந்நகரின் மைந்தரான ஜதீந்திரநாத் தாஸ் லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாதிருந்து 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்துறந்தார். அவரது உடல் கல்கத்தா வந்தடைந்தபோது நகரமே தெருவில் திரண்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே 1943ஆம் ஆண்டின் பஞ்சம் நிற்கிறது. உண்ண விரும்பியும் உணவு கிட்டாமல் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர்களின் பொதுவான மதிப்பீடு.

அறமாக, அரசியலாக, அவலமாக உண்ணாமையைக் கண்ட நகரம் கல்கத்தா. அத்தகைய நகரில் உண்ணாமை ஒரு நோயாக வரும்போது அதை அடையாளம் காண்பது எப்படி? இந்தக் கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அனோரெக்சியா நெர்வோசா உளநோய்களுள் மிக அதிக இறப்பு விகிதம் உடையவற்றுள் ஒன்று. 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இந்நோயரின் இறப்பு விகிதம் அதே வயதுப் பொதுமக்களுடையதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் தற்கொலையால் இறந்தவர். அடையாளம் காணத் தவறுவதன் விலை உயிர்.

இந்நோயை அறிவதற்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் "ஏன் உண்ண மறுக்கிறாய்?" என்னும் காரணக் கேள்வியையே திறவுகோலாகக் கொண்டிருந்தது. அத்திறவுகோல் இந்திய மண்ணில் பலமுறை பூட்டைத் திறக்கவில்லை. கடந்த இருபது ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கான சிகிச்சையில் இன்னொரு கேள்வி இடம்பிடித்துள்ளது. எண்ணத்தின் உள்ளடக்கத்தை விடுத்து, எண்ணும் பாங்கை நோக்கும் கேள்வி அது. கல்கத்தாவின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், இம்மாற்றம் இந்தியருக்கு ஏன் முக்கியமானது என்பது தெளிவாகும்.

1873: பெயர் பிறந்த கதை

1873இல் பாரிஸ் மருத்துவர் சார்ல் லசேக், உணவைக் குறைத்துக்கொண்டே செல்லும் இளம்பெண்களைப் பற்றி எழுதி, அந்நிலையை இஸ்டீரியாவின் ஒரு வகையாகக் கருதினார். அதே ஆண்டு லண்டனில் வில்லியம் கல் இத்தகைய நோயரைப் பற்றி உரையாற்றினார். 1874இல் அவ்வுரை அச்சேறியபோது அனோரெக்சியா நெர்வோசா என்னும் பெயர் நிலைபெற்றது. பசியின்மை என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். ஆனால் இந்நோயர் பலருக்குப் பசி உண்டு. அதனோடு அவர்கள் போராடுகிறார்கள். பெயரே பிழையாக அமைந்த நோய் இது.

வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. லசேக்கோ கல்லோ, உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தை இந்நோயின் மையமாக வைக்கவில்லை. லசேக் வரைந்த சித்திரத்தில் நோய் வயிற்றில்தான் தொடங்குகிறது. உண்டபின் ஓர் அசௌகரியம், ஒரு நிறைவுணர்ச்சி. அதைத் தவிர்க்க உணவைச் சிறிது குறைத்தல். பின்னர் அக்குறைப்பே விதியாக இறுகுதல். பருமன் அச்சம் மையத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே. 1962இல் ஹில்டே புரூக் தன் உடலுருவைப் பற்றிய பிறழ்ந்த பார்வையை நோயின் முதன்மைக் கூறாக முன்வைத்தார். 1970இல் ஜெரால்ட் ரஸ்ஸல் பருமன் குறித்த மிகையச்சத்தை அடிப்படையாகக் கொண்டார். 1980இல் அமெரிக்க உளநோயியல் சங்கத்தின் கையேடு அதை நோயறி விதியாகவே எழுதியது. மெலிவை அழகென்று கொண்டாடிய ஒரு காலத்தின், ஒரு சமூகத்தின் காரணம், உலகப் பொதுவான அளவுகோலாக மாறியது இவ்வாறுதான்.

ஏகாதசியின் நகரம்

லசேக்கும் கல்லும் எழுதிய அதே காலத்துக் கல்கத்தாவில், மேல்சாதி இந்துக் கைம்பெண்கள் நாளுக்கு ஒருவேளை பச்சரிசிச் சோறு உண்டு, மீனையும் வெங்காயத்தையும் துறந்து வாழ்ந்தனர். மாதம் இருமுறை வரும் ஏகாதசியில் நீரும் அருந்தக்கூடாது. சிறுமியாயினும் நோயாளியாயினும் விதிவிலக்கு அரிது. ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. சட்டம் மறுமணத்துக்கு வழி திறந்ததே தவிர, அடுக்களையின் விதிகளை அதனால் தொட இயலவில்லை. மெலிந்து உலர்ந்த பெண்ணுடல் அச்சூழலில் நோயின் அறிகுறியாகத் தோன்றியிருக்காது; ஒழுக்கத்தின் சான்றாகவே தோன்றியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வங்கப் பெண்கள் நோற்ற விரதங்களை அவனீந்திரநாத் தாகூர் "பாங்லார் விரத" என்னும் நூலில் ஆராய்ந்தார். அவை உடலை வருத்துவதற்கென்று மட்டும் ஏற்பட்டவை அல்ல. அரிசிமாவில் ஆலபனா வரைதல், கதை சொல்லுதல், தோழியரோடு கூடுதல், இறுதியில் விரதத்தை நிறைவுசெய்தல் என்று அவற்றுக்கு ஒரு வடிவம் இருந்தது. தமிழ் மரபிலும் நோன்பின் இலக்கணம் இதுவே. ஏகாதசி உபவாசத்தின் முழுமை துவாதசிப் பாரணையில் இருக்கிறது. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இலையில் விழாமல் அந்த விரதம் நிறைவடைவதில்லை. உரிய நேரத்தில் பாரணை செய்யாமல் விடுவதும் குற்றமாகவே கருதப்படும்.

இத்தகைய மரபுகளைப் பிற்கால நோய்ப்பெயரால் அழைப்பது சரியா என்ற விவாதம் வரலாற்றுத் துறையில் பழையது. 1985இல் ருடால்ப் பெல், இத்தாலியப் பெண் துறவியர் பலரின் உண்ணாமையைப் புனித அனோரெக்சியா என்று வகைப்படுத்தினார். 1987இல் கரோலின் வாக்கர் பைனம் அதை மறுத்தார். இடைக்காலப் பெண்களுக்கு உணவு சமயப் பொருளுடைய ஒரு மொழி. அம்மொழியைப் படிக்காமல் நோய்ச்சீட்டு எழுதக்கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். தமிழ் மாணவர்க்குக் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வருவார். தசைப்பொதியைக் கழித்துப் பேயுரு வேண்டிய அவரைச் சேக்கிழார் காட்டும் இடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். மருத்துவமனைப் படுக்கையில் வைத்து அன்று.

பைனத்தின் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அதன் மறுதலையும் ஓர் ஆபத்தே. எல்லா உண்ணாமையையும் பண்பாடு என்று ஒதுக்கிவிட்டால், நோயுற்றவர் நோன்பின் மறைவில் கரைந்துபோவார். பண்பாட்டை நோயென்று சொல்லாமலும், நோயைப் பண்பாடென்று தள்ளிவிடாமலும் இருக்க ஓர் அளவுகோல் வேண்டும்.

பார்சிபகான் சந்தின் மருத்துவர்

மனத்தை ஆராயும் துறைகளுக்கு இந்தியாவில் கல்கத்தாவே வாயில். 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் உளவியல் துறை தொடங்கப்பட்டது. அங்கு பிறழ்நிலை உளவியல் கற்பித்தவர் கிரீந்திரசேகர் போஸ். 1921இல் முனைவர் பட்டம் பெற்றார். 1922இல் பார்சிபகான் சந்திலிருந்த தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். ஏறத்தாழ 1937வரை பிராய்டுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1933இல் அவர் முயற்சியால் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் உளநோயருக்கான வெளிநோயாளர் பிரிவு திறக்கப்பட்டது. இன்று ஆர். ஜி. கர் என்று அறியப்படும் அக்கல்லூரியில் அமைந்த அப்பிரிவே, பொது மருத்துவமனை ஒன்றில் அமைந்த முதல் இந்திய உளநோய் வெளிநோயாளர் பிரிவாகக் கருதப்படுகிறது. 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை உருவாயிற்று.

போஸின் கோட்பாட்டில் சிகிச்சை வரலாற்றுக்குப் பயன்படும் கூறு ஒன்று உண்டு. ஒவ்வொரு விருப்பத்துக்கும் அதற்கு எதிரான விருப்பம் ஒன்று மனத்தின் ஆழத்தில் இருக்கும் என்பது அவர் கருத்து. அடிக்க விரும்புபவனுள் அடிபடும் விருப்பமும் உறையும். ஒன்று மேலெழ மற்றொன்று அமிழ்வதே துன்பம். எனவே நோயர் கற்பனையில் ஒருமுறை இப்பக்கமும் மறுமுறை அப்பக்கமும் நின்று பார்க்கும்படி அவர் வழிநடத்தினார். சிறுவர் விளையாடும் சீசா பலகையை ஒத்த இம்முறையில், நிலை மாறிப் பார்க்கும் திறனே குணத்துக்கு வழி.

இக்கோட்பாடு அனோரெக்சியாவுக்காக உருவானதன்று. பின்னர் லண்டனில் பிறந்த முறைகள் இதிலிருந்து கிளைத்தவையும் அல்ல. ஆயினும் எண்ணம் ஒரே பக்கத்தில் உறைந்துபோவதே நோயின் இயல்பு என்றும், பக்கம் மாறப் பழக்குவதே சிகிச்சை என்றும் கல்கத்தாவில் ஒருவர் எண்ணியிருந்தார் என்பது நினைவில் நிற்கத்தக்கது.

கேள்வியே பொருந்தாதபோது

பருமன் அச்சத்தை மையமாக்கிய அளவுகோல் கிழக்கே வந்தபோது இடறியது. 1989இல் மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் வட இந்திய நகரமொன்றின் பள்ளி மாணவியரிடம், உணவு மனப்பான்மையை அளக்கும் வினாப்பட்டியலை இந்தியில் கொடுத்துப் பார்த்தனர். சில வினாக்கள் மாணவியரிடம் வேறு பொருளில் சென்று சேர்ந்தன. சமய விரதம் பற்றிய விடைகள் நோய் மதிப்பெண்களாக எண்ணப்படும் நிலை ஏற்பட்டது. இங்கே அளவுகோல் நோயில்லாத இடத்தில் நோயைக் கண்டது.

அடுத்து எதிர்த்திசைப் பிழை. 1995இல் தில்லி மருத்துவர்களான காண்டேல்வால், ஷரண், சக்சேனா ஆகியோர் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உண்ண மறுத்தல், தொடர்ந்த வாந்தி, கடும் எடையிழப்பு, மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவை அவர்களிடம் இருந்தன. உடலுருப் பற்றிய பிறழ்வு மட்டும் இல்லை. வேலூரில் 2007இல் வெளிவந்த ஆய்வொன்றிலும், குழந்தைகள், பதின்வயதினரிடம் கண்ட உணவுக் கோளாறுகளில் மனக்காரணத்தாலான வாந்தியே பெரும்பான்மையாக இருந்தது. சென்னையில் 1995இல் சீனிவாசனும் குழுவினரும் 210 மருத்துவ மாணவரை ஆராய்ந்தபோது, மேற்கத்திய நூல்கள் வரையறுக்கும் முழுநோயைக் காட்டிலும் மென்மையான உணவுசார் துயர நிலையையே 31 பேரிடம் கண்டனர்.

ஹாங்காங்கில் சிங் லீ இதைத் திட்டமாக எண்ணிக் காட்டினார். 1993இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் 70 நோயருள் 41 பேரிடம் பருமன் அச்சம் இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை, உண்ணத் தோன்றவில்லை என்பவையே அவர்கள் சொன்ன காரணங்கள். 1873இல் லசேக் கேட்டவையும் ஏறக்குறைய இவையே.

கொல்கத்தா வாசகர்க்கு இங்கே விளக்கம் தேவைப்படாது. அம்பல், கேஸ், வதஹஜம் என்று வயிற்றைப் பற்றிப் பேச வங்காளிக்குச் சொற்கள் ஏராளம். மனத்துயர் வயிற்றின் மொழியில் வெளிப்படுவது அங்கே இயல்பு. அம்மொழியில் பேசும் ஒரு பெண்ணிடம் "குண்டாகிவிடுவோம் என்று அஞ்சுகிறாயா?" என்று கேட்டால் இல்லை என்பாள், அவ்விடை உண்மையாகவும் இருக்கும். நோயறி விதி அந்த இல்லையை ஏற்று, வயிற்று மருந்தோடு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும். 2013இல் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இவ்விதியைத் தளர்த்தியது. அச்சத்தை வாய்விட்டுச் சொல்லாவிடினும், எடை கூடுவதைத் தடுக்கும் செயல் இடையறாது தொடர்ந்தால் போதும் என்றாயிற்று. மாதவிலக்கு நிற்றல் என்ற நிபந்தனையும் நீங்கியது. ஆனால் கதவைத் தளர்த்தினால் மட்டும் போதாது. உள்ளே எதைப் பார்ப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது.

எண்ணும் பாங்கு

அதற்கு ஒரு விடை லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சூழ்ந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. 2006இல் உல்ரிக்கே ஷ்மிட்டும் ஜேனட் ட்ரெஷரும் ஒரு மாதிரியை முன்வைத்தனர். நோய் ஏன் தொடங்கிற்று என்பதைவிட, எவை அதை நிலைக்கவைக்கின்றன என்பதே அதன் அக்கறை. நான்கு காரணிகளை அவர்கள் சுட்டினர்: நெகிழ்வற்ற, நுணுக்கங்களிலேயே தங்கும் சிந்தனைப் பாங்கு, உணர்ச்சிகளைத் தவிர்த்தல், நோய் தனக்கு நன்மை செய்கிறது என்ற நம்பிக்கை, நெருங்கிய உறவினர் நோய்க்கு எதிர்வினையாற்றும் விதம். பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடும் பருமன் அச்சம் இப்பட்டியலின் தலைப்பில் இல்லை என்பது இந்தியருக்கு முக்கியமான செய்தி.

இப்பாங்கின் இரு கூறுகளைக் கேட் சந்தூரியா முதலிய ஆய்வாளர் சோதனைகளால் விளக்கினர். முதலாவது தடம் மாறும் திறன். சீட்டுகளை நிறத்தால் பிரித்துக்கொண்டிருப்பவர், விதி மாறியபின் வடிவத்தால் பிரிக்க வேண்டும். அனோரெக்சியா உடைய பெரியவர்களிடம் பழைய விதியை விட்டு நகர்வது சராசரியாகத் தாமதமாகிறது. 2005இல் வெளிவந்த ஆய்வொன்று, நோயில்லாத உடன்பிறந்த சகோதரியரிடமும் இச்சாயல் ஓரளவு இருப்பதைக் காட்டியது. எனவே இது நோயின் விளைவு மட்டும் அல்ல. சிலரிடம் நோய்க்கு முன்னரே இருக்கும் இயல்பாகவும் இருக்கலாம். இரண்டாவது, முழுமையைக் காணும் திறன். சிக்கலான வரைபடம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னால், முதலில் பெரிய சட்டத்தைப் போட்டுப் பின் உள்விவரங்களை நிரப்புவோர் உண்டு. கோலத்தின் முழு வடிவை எண்ணாமல் புள்ளி புள்ளியாகவே நகர்வோரைப் போல, ஒரு மூலையிலிருந்து விவரம் விவரமாக நகர்வோரும் உண்டு. நோயர் பலர் இரண்டாம் வகையினர்.

இவை குறைபாடுகள் மட்டும் அல்ல. நுணுக்கமும் விடாப்பிடியும் தேர்விலும் அலுவலகத்திலும் பாராட்டுப் பெறும் பண்புகள். அதே பண்பு தட்டின்மேல் திரும்பும்போது ஒவ்வொரு பருக்கையும் கணக்காகிறது. நேற்றைய அளவு இன்றைய விதியாகிறது. உடல் என்னும் முழுமை கண்ணிலிருந்து மறைகிறது.

இதில் ஒரு சுழலும் உண்டு. 1944-45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், நலமுள்ள 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உணவைப் பற்றியே ஓயாது எண்ணினர், சமையல் குறிப்புகளைத் திரட்டினர், ஒருவேளை உணவை நெடுநேரம் நீட்டினர், பிறரிடமிருந்து விலகினர். அவர்களுக்கு முன்பு உளநோய் இல்லை. பட்டினியே மனத்தை இறுக்க வல்லது என்பதை இது காட்டியது. இறுகிய மனம் பட்டினியைப் பிறப்பிக்கிறது. பட்டினி மனத்தை மேலும் இறுக்குகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல இச்சுழல் ஆழமாகிறது. சோதனைகளில் தடம் மாறாமை பதின்வயதினரைவிடப் பெரியவர்களிடமே தெளிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பெரியவர்க்கான சிகிச்சை

சுழல் என்பதால் சிகிச்சையும் இரு முனைகளில் தொடங்க வேண்டும். உடல் எடை மீளாமல் எந்தப் பேச்சுச் சிகிச்சையும் வேர்கொள்ளாது. மறுமுனையில் எண்ணும் பாங்கைப் பழக்க வேண்டும். பதின்வயதினர்க்குப் பெற்றோரைப் பொறுப்பாளராக்கும் குடும்பச் சிகிச்சை உண்டு. பெரியவர்களிடம் அவ்வழி அப்படியே பொருந்தாது; அவர்கள் உடன்படாமல் சிகிச்சை நெடுந்தூரம் செல்லாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் பெரியவரின் இசைவையும் முடிவெடுக்கும் திறனையும் மையமாக வைக்கிறது. ஆகவே, நோயர் தாமே தம் எண்ணத்தின் போக்கைப் பார்க்கும்படி செய்யும் முறைகள் இங்கே கூடுதல் மதிப்புப் பெறுகின்றன.

அவற்றுள் எளியது சிந்தனைப் பயிற்சி. இதில் உணவைப் பற்றியும் எடையைப் பற்றியும் பேச்சே எழாது. ஒரே படத்தில் இரு உருவம் காணுதல், நீண்ட கடிதத்தை ஓரிரு வரியில் சுருக்குதல், நாள்தோறும் செல்லும் வழியை மாற்றிச் செல்லுதல் போன்ற சிறு பயிற்சிகள். நோக்கம் மதிப்பெண் அன்று; "நான் இவ்வாறுதான் எண்ணுகிறேன்" என்று நோயர் தம்மையே கவனிப்பது. உணவைத் தொட்டவுடன் மூடிக்கொள்ளும் மனம், இங்கே அச்சமின்றித் திறக்க வாய்ப்புண்டு.

விரிவானது ஷ்மிட், ட்ரெஷர் மாதிரியின்மேல் எழுந்த மாண்ட்ரா என்னும் சிகிச்சை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் தற்செயலாக மந்திரம் என்ற சொல்லாக அமைந்தன. ஆனால் மந்திரம்போல் உடனே பலிப்பது எதுவும் அதில் இல்லை. வாரம் ஒருமுறையாக இருபது அமர்வுகளோ அதற்கு மேலோ, ஒரு பயிற்சி நூலைத் துணையாகக் கொண்டு நடப்பது. நோயர் தம் நோய்க்கு இரு கடிதங்கள் எழுதும் பயிற்சி இம்மரபில் புகழ்பெற்றது: ஒன்று நோயைத் தோழியாக விளித்து, மற்றொன்று பகைவராக விளித்து. முதல் கடிதத்தில் பாதுகாப்பு, கட்டுப்பாடு, தனித்தன்மை ஆகிய நன்மைகள் வெளிவருகின்றன. இரண்டாவதில் இழந்தவற்றின் பட்டியல். இரு பக்கமும் மாறி நின்று பார்க்கும் இப்பயிற்சியைக் காணும்போது பார்சிபகான் சந்தின் சீசா பலகை நினைவுக்கு வராமல் போகாது.

இதன் பலனை மிகைப்படுத்தலாகாது. இங்கிலாந்தில் 142 பெரியவர்களை வைத்து நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், மாண்ட்ரா பெற்றோரும் நோய்நிபுணரின் ஆதரவுச் சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினர். ஆஸ்திரேலியாவில் 120 பேரை வைத்து மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வும் எதையும் முதலிடத்தில் நிறுத்தவில்லை. அவ்வாண்டு பிரிட்டனின் நைஸ் நிறுவனம், இம்முறையையும் உணவுக் கோளாறுகளுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் ஆதரவுச் சிகிச்சையையும் பெரியவர்களுக்கான முதல் தெரிவுகளாக ஒருங்கே வைத்தது. சிந்தனைப் பாங்கு சார்ந்த முறை பிறவற்றை வென்றுவிடவில்லை. அவற்றோடு சமமாக நிற்கிறது. காரணத்தை ஒப்புக்கொள்ளும்படி நோயரை நெருக்காமல் தொடங்க முடிகிறது என்பதே அதன் தனிப்பயன்.

வீட்டின் பங்கு

நான்காவது காரணியான உறவினரின் எதிர்வினையை லசேக்கே கவனித்திருந்தார். குடும்பத்தார் கையில் கெஞ்சலும் மிரட்டலும் ஆகிய இரண்டே கருவிகள் உண்டு. இரண்டும் விரைவில் தீர்ந்துபோகும் என்று அவர் எழுதினார். கல் உறவினரைச் சிகிச்சைக்கு இடையூறு என்றே கருதி, நோயரைப் பிரித்துவைக்கப் பரிந்துரைத்தார்.

இந்திய உளநோயியல் வேறு வழி சென்றது. 1950களில் அமிர்தசரஸில் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து உறவினரையும் நோயரோடு தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன்தங்கும் முறையை வளர்த்தது. உறவினரை வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்துப் பயிற்றும் இவ்வணுகுமுறையை மோட்ஸ்லி ஆய்வாளர் பல பத்தாண்டுகளுக்குப் பின் தம் வழியில் வந்தடைந்தனர். ட்ரெஷர் உறவினரின் போக்குகளுக்கு விலங்குகளை உவமையாக்கினார். குட்டியை மடியில் சுமக்கும் கங்காரு, முட்டி மோதும் காண்டாமிருகம், மணலில் தலை புதைக்கும் தீக்கோழி ஆகியவை தவிர்க்க வேண்டியவை. அருகே நீந்திச் சிறிது உந்தித் தரும் டால்பினே பின்பற்றத்தக்கது.

விருந்தோம்பலே அன்பின் முதல் இலக்கணமாக உள்ள வங்க வீட்டில் இது எளிதன்று. இன்னும் ஒரு துண்டு மீன், இன்னும் ஒரு சந்தேஷ் என்று வற்புறுத்துவதே அங்கே பாசம். மருமகளும் மகளும் கடைசியில் உண்பதும் அதே வீட்டின் வழக்கம். பரிமாறிவிட்டுப் பின் உண்பதாகச் சொல்லும் பெண் உண்டாளா என்று எவரும் பார்ப்பதில்லை. தமிழ் வீடுகளுக்கும் இச்சொற்கள் அந்நியமாகா. மிகையான ஊட்டலும் கவனியாமையும் ஒரே கூரையின்கீழ் வாழும்போது, உறவினர்க்குத் தரும் பயிற்சி சிகிச்சையின் ஓரத்தில் நிற்க முடியாது.

அளவுகோல்

இனி, நோன்பையும் நோயையும் பிரித்தறியும் வழிக்கு வரலாம். காரணத்தைக் கொண்டு பிரிக்க முயன்றால் கல்கத்தாவின் வரலாறு குறுக்கே நிற்கும். கடவுளுக்காக, நாட்டுக்காக, கணவனை இழந்ததற்காக, வயிற்றுக்காக என்று உண்ணாமைக்கு அந்நகரில் கௌரவமான காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நோயும் அவற்றுள் எதையும் உடுத்திக்கொள்ளக்கூடும். விதியோடு அந்த மனிதருக்குள்ள உறவைப் பார்ப்பதே மேல்.

ஜதீந்திரநாத் தாஸ் இவ்விடத்தில் ஒரு கடினமான சான்று. அவர் தம் நோன்பை முடிக்கவில்லை, அதிலேயே மடிந்தார். எனில் அவரது மனம் நெகிழ்வற்றதா? அன்று. அவர் நோன்புக்கு வெளியே ஒரு நிபந்தனை இருந்தது. அரசியல் கைதிகளுக்கான கோரிக்கை நிறைவேறியிருந்தால் அவர் உண்டிருப்பார். கல்கத்தாவில் நிபந்தனை நிறைவேறியவுடன் காந்தி பழச்சாற்றைக் கையேந்தினார். கைம்பெண்ணின் ஏகாதசியோ சமூகம் வெளியிலிருந்து சுமத்திய விதி. விதி தளர்ந்த இடங்களில் பெண்கள் உண்டனர். அங்கே மருத்துவம் பார்க்கப்பட வேண்டியது சமூகத்துக்கே. அனோரெக்சியாவில் நிபந்தனை நிறைவேறுவதே இல்லை. குறித்த எடையை அடைந்தவுடன் இலக்கு இன்னும் கீழே நகர்கிறது. குறைத்த அளவு புதிய மேல்வரம்பாகிறது. விதியை விதித்தவரே அதை நீக்க இயலாதவராகிறார். பாரணை நாள் குறிக்கப்படாத நோன்பு அது.

இவ்வளவுகோலுக்கும் எல்லை உண்டு. தடம் மாறாமையை அளக்கும் சோதனைகள் பிற நாடுகளில் உருவானவை. ஒழுங்கும் விடாப்பிடியும் அறமாகப் போற்றப்படும் சமூகத்தில் அவற்றை எடுத்ததும் நோய்க்குறியாகக் கொள்வது, 1989இல் வினாப்பட்டியல் செய்த பிழையை வேறு வடிவில் மீட்டுச் செய்வதாகும். கொல்கத்தாவிலும் சென்னையிலும், வங்கத்திலும் தமிழிலும், பெரியவர்களை வைத்து இச்சோதனைகளைத் தரப்படுத்தும் பணி உளவியல் மாணவரின் கைகளில் இருக்கிறது. இடைக்காலத் துறவியரைப் பைனம் படித்ததுபோல, விரதம் நோற்கும் பெண்களையும் வயிற்றைக் காரணம் சொல்லும் பெண்களையும் அவர்தம் சொற்களிலேயே கேட்டு எழுதும் பணி வரலாற்று மாணவர்க்கும் மானிடவியல் மாணவர்க்கும் உரியது.

அதுவரையிலும் வெளிநோயாளர் பிரிவின் மேசையில் ஒரு கேள்வியை மாற்றிவைக்கலாம். "குண்டாகிவிடுவோம் என்று பயமா?" என்பதற்கு உடன் இதையும் கேட்கலாம்: "இந்த விதியை ஒரே ஒரு நாள் தள்ளிவைத்தால் என்ன ஆகும்?" நோன்பு நோற்பவர் பாரணை நாளைச் சொல்வார். நோயுற்றவர் பெரும்பாலும் மௌனமாவார். சிகிச்சை அந்த மௌனத்திலிருந்து தொடங்கலாம்.